கையால் இரண்டு சுற்று

ஒரு விடுகதை போடுகிறேன். மாடியில் ஒருத்தி, கீழ்வீட்டில் ஒருத்தி. கீழே இருப்பவள் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே இருப்பவள் ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இருவரையும் சேர்த்துக் கட்டியிருப்பது ரப்பரால் ஆன ஒரு வார். வாருக்குப் பல் உண்டு, கடிக்காது. அது அறுந்த அன்றைக்குத்தான் மாடிக்காரியும் கீழ்வீட்டுக்காரியும் ஒருத்தியை ஒருத்தி கடிப்பார்கள். அது எந்த வீடு, சொல்லுங்கள் பார்க்கலாம்.

அந்த வீடு கார் எஞ்சின். கீழே சுற்றுவது கிராங்க். நான்கு பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுவது அது. மேலே சுற்றுவது கேம். வால்வுகளைத் திறந்து மூடுவது அது. வால்வு கீழே இறங்கித் திறந்திருக்கும் நேரத்தில் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் இரும்போடு இரும்பு மோதி வால்வு வளையும். அப்படி மோதாமல் இருவருக்கும் முறை வைத்துக் கொடுக்கும் வாருக்கு டைமிங் பெல்ட் என்று பெயர். பொள்ளாச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் நடத்தும் அமிர்தவேணி, வருடா வருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இந்த விடுகதையைப் போடுவாள். பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு பையன்தான் முதல் தடவையிலேயே விடை சொன்னான். அவனும் முந்தின வருடத்துப் பையனிடம் கேட்டு வைத்துக்கொண்டு வந்தவன்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவள் தன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், தன் சொந்தக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடைவெளிக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். புது பெல்ட் மாட்டியாயிற்று. கிராங்கின் பல்சக்கரத்தில் பொறித்த புள்ளி எஞ்சினில் பொறித்த அதன் கோட்டுக்கு நேரே, கேமின் புள்ளி அதன் கோட்டுக்கு நேரே. சாவியைத் திருப்புவதற்கு முன் பாக்கி இருந்தது ஒன்றுதான்: கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் முழுதாக இரண்டு சுற்று. எங்காவது ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கைக்குத் தெரியும், கை நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அப்படி நிற்கத் தெரியாது, இடித்துத் தள்ளிவிடும். ‘கைக்கு வலிக்கும் முன்னால் வால்வுக்கு வலிக்காது’ என்று வகுப்பில் சொல்லுவாள். மூன்று மணிக்கு மகள் சுபிக்ஷா ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருவாள். நாலரைக்கு வால்பாறை பஸ். அங்கே தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் கணவன் தண்டபாணியிடம் இருவரும் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் போக வேண்டும். காரிலா, பஸ்ஸிலா? “கார் ரெடியாயிருச்சுன்னா உன் இஷ்டம் கண்ணு. ஏறலாம்னா ஏறு, வேண்டாம்னா பஸ்” என்று காலையில் சொல்லியிருந்தாள். சுபி வாட்டர் பாட்டிலை மூடினாள். மூன்று வாரமாக அவள் அந்தக் காரின் கதவைக்கூடத் தொடவில்லை.

ஸ்பேனர் நகர்ந்தது. மெதுவாக, கடிகாரம் சுற்றும் பக்கமாக. பின்னால் திருப்பக் கூடாது, ஒரு விரற்கடைகூடக் கூடாது, பெல்ட்டின் இறுக்கம் மாறிவிடும். கால் சுற்று. உள்ளே எண்ணெயில் ஊறிய இரும்பு இரும்பின்மேல் வழுக்கும் சத்தம், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, கைப்பிடி வழியாக முழங்கை வரை வரும் ஒரு தகவல். முதல் வால்வு ஸ்பிரிங் அழுந்துகிறது, லேசான கனம், பிறகு விட்டுக் கொடுக்கிறது. நல்லது. இது அவளுக்குத் தெரிந்த கனம். எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. ஐந்தையும் மாற்றி, எட்டையும் பேஸ்ட் தடவி உட்காரவைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஒழுகுகிறதா என்று பார்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லை. லேத்துக் கடைக்காரர் வால்வுகள் உட்காரும் ஹெட்டைத் தட்டையாகச் சீவிக் கொடுத்தபோது “நம்ம பசங்ககிட்டக் குடுத்திருந்தா ரெண்டு நாள்ல மாட்டிக் குடுத்திருப்பானுங்களே, நீங்க எதுக்குங்க மேடம் மூணு வாரமா மெனக்கெடறீங்க” என்று கேட்டார். ரெண்டு நாளில் மாட்டலாம். அவளாலேயே மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து வந்து ஒரு மணி நேரம், ஒரு பாகம், துடைத்து, அளந்து, எழுதி. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று முதல் நாள் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றியவுடனே முடிவு செய்துவிட்டாள். அந்தக் கவர். அதை இப்போது நினைக்க வேண்டாம். அரைச் சுற்று. ஸ்பேனரைக் கழற்றி மேல்பக்கமாக மாற்றி மாட்டினாள். தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று விரிந்தது. சாலையில் தேங்காய் நார் ஏற்றிய லாரி போனது. நாரின் அந்தக் கரகரத்த, தொண்டையில் ஒட்டும் வாசனை கிரீஸ் வாசனையோடு வந்து கலந்தது. வண்டி நின்ற அன்றைக்கும் ஒரு நார் லாரிக்குப் பின்னால்தான் ஆழியாறு வரை போனார்கள். தும்மல் வருது, கண்ணாடியை ஏத்தும்மா என்று சுபி சொன்னாள். கண்ணாடியை ஏற்றினால் வேர்த்தது. வேர்த்ததால்தான் அவள் அந்த ஸ்விட்சை.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. கீழே அணை ஒரு தட்டு நிறையத் தண்ணீர் போலத் தெரியும் இடம். ஏற்றத்தில் ஏசி வேண்டாம், வண்டி திணறும் என்று அமிர்தவேணி இரண்டு முறை சொல்லியிருந்தாள். சுபி கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய அதே மூச்சில் எஞ்சின் நின்றது. இருமவில்லை, உதறவில்லை, பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்தியதுபோல நின்றது. ஸ்டியரிங் கல்லானது. வண்டி ஒரு கணம் யோசித்தது, அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி போய்விடும், ஒன்றோ இரண்டோ மிதி கிடைக்கும், மூன்றாவது மிதி கட்டைமேல் நிற்பதுபோல் இருக்கும்; அதைத் தெரிந்தவளாதலால் பம்பு அடிக்காமல் முதல் மிதியையே இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டாள், ஹேண்ட்பிரேக்கை இடுப்பெலும்பு வலிக்க இழுத்தாள், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் கைப்பிடிச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்து, நின்றது. வண்டி நின்றது. கை சரியாக வேலை செய்தது, கால் சரியாக வேலை செய்தது. வாய்தான். “ஏசியைப் போடாதேன்னு சொன்னேனா இல்லியா! சொன்னேனா இல்லியாடி!” அந்தச் சத்தம் அவளுடையது. அந்த ‘டி’ அவள் மகளிடம் அதுவரை போட்டிராதது. பின்னால் வந்த வால்பாறை பஸ்ஸின் பழக்கமான கண்டக்டர் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். “ஒண்ணுமில்லீங்க்கா, இறங்குங்க, பாப்பாவ நான் பஸ்ல ஏத்திக்கிட்டுப் போய் ஸ்டாண்டுல அவங்கப்பாகிட்ட உட்டுடறேன்” என்றார். சுபி இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு போனாள், எதையோ சுட்டுக்கொண்டவள்போல.

முக்கால் சுற்று. இதுவரை சுத்தம். அமிர்தவேணி முன்கையால் நெற்றியைத் துடைத்தாள். அன்றைக்கே தண்டபாணிக்குப் போன் செய்து என்ன சொன்னாள்? “சுபி ஏசி போட்டா, வண்டி நின்னுருச்சுங்க.” சொன்னதில் பொய் இல்லை. சுபி ஏசி போட்டாள், வண்டி நின்றது. இரண்டும் நடந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு ‘அதனால்’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, அதை யாரும் சொல்லவில்லை, அவளும் எழுப்பி அனுப்பவில்லை. தண்டபாணிக்கு விளையாட்டு. அன்றிலிருந்து போனில் “எங்கே, நம்ம ஏசி அம்மிணி இருக்காங்களா?” என்று ஆரம்பிப்பான். சுபி சிரிப்பாள். பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுப்பாள். அப்புறம் ஒருநாள் கிரைண்டரில் அரிசி போட்டுவிட்டு “அந்த ஸ்விட்சப் போடு கண்ணு” என்று சொன்னபோது அவள் ஸ்விட்சுக்கு அருகில் போய் நின்றுகொண்டு, “போடட்டுமா?” என்றாள். போடு. “நெசமாப் போடட்டுமா?” ஃபேனுக்கும் அப்படி. டியூப்லைட்டுக்கும் அப்படி. பதினோரு வயதுப் பெண், தொட்டில் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எந்த ஸ்விட்சைக் கண்டாலும் தட்டிப் பார்த்துத்தான் நகர்வாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அமிர்தவேணி மாவைத் தள்ளிவிட்டபடி இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சத்தத்தில் கேட்காது. நின்றதும் சொல்லலாம். நின்றதும் மாவு வழிக்க வேண்டியிருந்தது.

“ஏனுங் டீச்சரம்மா, இன்னும் எந்திரிக்கலீங்களா உங்க வண்டி?” காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ராசப்பனின் தலை. தேங்காய் மண்டி வைத்திருப்பவர். பகலில் சாப்பிட்டு முடித்ததும் பல்குத்திக்கொண்டு அந்தச் சுவரருகே நிற்பது அவர் வழக்கம். “எந்திரிச்சுருமுங்க. இன்னைக்கு எந்திரிச்சுரும்” என்றாள் தலையைத் திருப்பாமல். “மூணு வாரமாப் படுக்கையில கெடக்குது. எங்க மாமனாரு முட்டி ஆபரேசன் பண்ணி மூணாம் நாளு நடந்துட்டாருங்க.” “உங்க மாமனாருக்கு மூட்டு ரெண்டுதானுங்க. இதுக்கு வால்வு எட்டுங்க.” அவர் சிரித்தார். “பாப்பா போட்டு உட்ட ஏசிக்கு இத்தன செலவா, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தலை கீழே போனது. ஸ்பேனர் அப்படியே நின்றது. அவருக்கு யார் சொன்னது? வேறு யார், அவளேதான். கயிறு கட்டி இழுத்து வந்த அன்று சாயங்காலம் இதே சுவரருகில், ஒப்புக்கு. ஒரு வார்த்தை வால்பாறை வரைக்கும் ஏறி, காம்பவுண்டுச் சுவரையும் தாண்டி, சௌகரியமாகக் குடியிருக்கிறது. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு முழுச் சுற்று. கிராங்கின் புள்ளி மறுபடி கோட்டுக்கு வந்து நின்றது. மேலே கேம் பாதி வழியில், நேர் எதிரே. கணக்கு சரி. அவள் சந்தேகப்படவே இல்லை. கையில் வேலை இருக்கும்வரை அவளுக்குச் சந்தேகம் வருவதில்லை.

சரி, அந்தக் கவர். இழுத்து வந்த மறுநாள் டைமிங் கவரைக் கழற்றியபோது பெல்ட் இரண்டாகக் கிடந்தது. அறுந்த முனையைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. வயதாகி அறுந்த பெல்ட் வறண்டு, குறுக்கே கீறல் விட்டு, பழைய செருப்பின் அடிபோல இருக்கும். இது அப்படி இல்லை. ஊறிய கடலைபோல உப்பி, அமுக்கினால் அமுங்கி, பல்லில் நாலைந்து அடியோடு பெயர்ந்து. இந்த மாதிரி ஏன் ஆகும் என்று வகுப்பில் கேட்டால் இரண்டாம் வருடப் பிள்ளைகள் எல்லாரும் கை தூக்குவார்கள். பெட்ரோல் பட்டால் ஆகும். எட்டு மாதம் முன்னால் பெல்ட்டைக் கழற்றித் தண்ணீர் பம்பு மாற்றினாள். கேமின் எண்ணெயை அடைக்கும் சீலில் லேசான கசிவு, பெல்ட்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. சீலை மாற்றினாள். புது பெல்ட் வாங்கியிருக்க வேண்டும். பம்புக்குப் போனால் பெல்ட்டும் புதிது, அதுதான் பழக்கம். பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் எல்லாம் நெல்லுக் கோத்ததுபோல் இருந்தன. ஒரு கீறல் இல்லை. கடைக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் வால்பாறை. துணியில் பெட்ரோலை நனைத்து, அந்தப் பிசுக்கை அழகாக, ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விட்டுத் துடைத்து, மறுபடி மாட்டினாள். எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாளோ அவ்வளவு பெட்ரோலை அது குடித்தது. சோம்பேறி ஒருவன் துடைக்காமலே மாட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். சுத்தக்காரியாக இருந்ததால் வந்த வினை. அதை நினைத்தபோது ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. அறுந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அன்று இதே பலகையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்? ஏசி எங்கே வந்தது இதில்? ஏசிக்கு வேறு பெல்ட், வெளியே, அது இன்னமும் முழுசாக இருக்கிறது. சுபி அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் பத்தாவது வளைவில் அறுந்திருக்கும், பதினோராவதில் அறுந்திருக்கும். அன்றைக்கே, அந்த நிமிஷமே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வால்பாறையிலிருந்து திரும்பியிருந்த சுபி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியாக அவள் பின்னல் தெரிந்தது. முதலில் எஞ்சின், மற்றதெல்லாம் அப்புறம் என்று நினைத்தாள். எஞ்சினை எழுப்பிக் காட்டிவிட்டுச் சொன்னால் சொல்வதற்கு ஒரு பலம் இருக்கும். ஓடாத வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பயிற்றுநர் எப்படிச் சொல்லுவது? அப்படி நினைத்து மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் ஒரு பாகம், துடைத்து, அளந்து, எழுதி. சரியாகச் செய்வதற்காகத்தான் மெதுவாகச் செய்தாளா, மெதுவாகச் செய்தால் சொல்வது தள்ளிப்போகும் என்பதற்காகவா? இரண்டும். பெரும்பங்கு முதலாவது. இல்லை. பாதிப் பாதி.

இரண்டாவது சுற்று. கால் வட்டம் நகர்ந்ததும் கனம் கூடியது. முதல் சுற்றில் இந்த இடத்தில் இவ்வளவு கனம் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கூடியது. இன்னும் கொஞ்சம். ஸ்பேனர் நின்றுவிட்டது. அமிர்தவேணியும் நின்றுவிட்டாள். வால்வு இடிக்கிறதா? புள்ளி பார்த்தேன், மூன்று தடவை பார்த்தேன், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கும்போது ஒரு பல் தாண்டியதா? தாண்டியிருந்தால் முதல் சுற்றின் கடைசியில் கேம் நேர் எதிரே வந்திருக்காது. வந்தது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா? ராசப்பனின் பேச்சு காதில் இருந்த நேரம் அது. ஒன்பதாவது வளைவில் கைப்பிடிச் சுவர் கண்ணாடியில் பெரிதாகி வந்ததுபோல இப்போது அந்த ஐந்து புது வால்வுகளும் கண்முன் பெரிதாகி வந்தன, வளைந்த தலையோடு. ஹெட்டை மறுபடி இறக்க வேண்டும், மறுபடி மூன்று வாரம், மறுபடி சுபி ஸ்விட்சருகே நின்று போடட்டுமா என்பாள். ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளிப் பார் என்று கை சொன்னது. கைதான் சொன்னது, அவள் அல்ல. எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் ஓங்கித் தள்ளியதைப் பார்த்திருக்கிறாள். இடிப்பது என்றால் எப்படி இருக்கும்? சுவரில் விரல் முட்டுவதுபோல. முட்டிய இடத்தில் முட்டியதுதான், ஒரு நூல் நகராது. இது அப்படியா? அவள் தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. பிடித்த பிடியில் அதே கனத்தைக் கொடுத்தபடி வைத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினாள். ஏழாவது மூச்சில் ஸ்பேனர் ஒரு மயிரளவு தானாக முன்னால் போனது. ஒன்பதாவதில் இன்னொரு மயிரளவு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரும்பு விட்டுக் கொடுக்காது. காற்றுதான் கசிந்து கசிந்து விட்டுக் கொடுக்கும். உள்ளே எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது.

எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, மேலே குனிந்து பார்த்தாள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் கையால் சுற்ற வேண்டும். மூன்று ஓட்டை திறந்திருந்தது. இரண்டாவது சிலிண்டரில் ஒரு பழைய பிளக் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது. நேற்றுச் சாயங்காலம் பிரஷ்ஷால் தூசி தட்டும்போது ஓட்டைகளில் துணி அடைத்தாள். மூன்றுக்குத்தான் துணி இருந்தது, நாலாவதற்குக் கைக்கு எட்டிய பழைய பிளக்கைத் திருகினாள். “பிளக்கைக் கழட்டாம கிராங்கைச் சுத்தறவன் கிளாஸுக்கு வெளியே நிக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறாள். பிளக் சாக்கெட்டை விட்டுத் திருகியபோது கடைசி மரையில் புஸ் என்று காற்று வெளியே வந்தது. நல்ல அழுத்தமான புஸ். வால்வு ஒழுகாமல் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பயம் எங்கே இருந்ததோ அங்கே இப்போது பசி இருந்தது. மதியம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பலகையில் உட்கார்ந்தாள். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு போனது. முக்கால். முழுச் சுற்று. கிராங்கின் புள்ளி கோட்டில், கேமின் புள்ளி கோட்டில், மாடிக்காரியும் கீழ்வீட்டுக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. அவள் எழுந்துபோய் டார்ச் அடித்து இரண்டையும் பார்த்தாள். மனம் எங்கேயும் போகாமல், புள்ளியை மட்டும், கோட்டை மட்டும் பார்த்தாள். சரி.

பிளக், ஒயர், கவர், சக்கரம், ஜாக்கி இறக்கம், தண்ணீர், எண்ணெய். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பியபோது மணி இரண்டே முக்கால். மூன்று தடவை உருண்டது, நாலாவது உருளலில் பிடித்தது. முதலில் வால்வுப் பக்கத்திலிருந்து டப டபவென்று ஒரு பேச்சு. எண்ணெய் ஏறும்வரை இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அரை நிமிஷத்தில் அந்தப் பேச்சு அடங்கியது. பிறகு வெறும் ஓட்டம். சீராக, வட்டமாக. நெஞ்சில் வந்தது பெருமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமைக்கு உள்ளேயே ஒரு சின்ன இடறல்: எஞ்சின் எழுந்துவிட்டது, இனிச் சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. சுபி இந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்வாள், அவள் ஏறிய பிறகு போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம், ஆழியாறு தாண்டி, நல்ல காற்று வரும்போது. இல்லை. ஏறிய பிறகு சொன்னால் அது ஏமாற்று. இஷ்டம் என்று சொன்னால் எல்லாம் தெரிந்த பிறகு வரும் இஷ்டமாக இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டபடியே கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நகத்துக்குள் இருந்த கறுப்பு போகவில்லை.

கேட் திறந்தது. சுபி புத்தகப் பையோடு கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஓடுது” என்றாள்.

“ஓடுது கண்ணு. வா, உனக்கு ஒண்ணு சொல்லணும்.” அமிர்தவேணி பெஞ்சின் அடியிலிருந்து அறுந்த பெல்ட்டை எடுத்தாள். “இதப் புடி. அமுக்கிப் பாரு.”

சுபி அமுக்கிப் பார்த்தாள். “மெத்து மெத்துன்னு இருக்குது.”

“இருக்கக் கூடாது. பெட்ரோல் பட்டு ஊறிப்போச்சு. அதனாலதான் அறுந்துச்சு. பெட்ரோல் போட்டுத் தொடச்சது நான். நீ ஏசி போட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“கொஞ்சங்கூட இல்லியா?”

“கொஞ்சங்கூட இல்ல. அன்னைக்கு நான் கத்துனது தப்பு. பயத்துல கத்திட்டேன்.”

சுபி பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். பெயர்ந்த பல் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். “இத எப்பப் பாத்த?”

அமிர்தவேணி எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. “இழுத்துட்டு வந்த மறுநாளு.”

“மறுநாளே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“மூணு வாரமா?”

“மூணு வாரமா.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுபி பெல்ட்டைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். “அப்பாகிட்டச் சொல்லு. இப்பவே. நான் கேக்கணும்.”

அமிர்தவேணி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். “என்னுங்க, வண்டி ஓடுது. அப்புறம் ஒண்ணு. சுபி ஏசி போட்டதால நிக்கலீங்க. நாந்தான் பழைய பெல்ட்டப் பெட்ரோல்ல தொடச்சு மாட்டிட்டேன்.”

ஃபேக்டரி இரைச்சலுக்கு நடுவே தண்டபாணி, “பெட்ரோல்லயா? நீயா?” என்றான். “ஏம்மா டீச்சரு, பசங்களுக்கு இதத்தான் சொல்லித் தர்றியா? எனக்கு ஒரு லிட்டர் அனுப்பி உடு, இங்க நாலு பெல்ட்டு இருக்குது, தொடைக்கோணும்.”

“சிரிக்காதீங்க. பாப்பா கேட்டுட்டிருக்கறா.”

சிரிப்பு நின்றது. “அம்மிணி?”

“அப்பா, இனி என்னைய ஏசி அம்மிணின்னு கூப்பிடக் கூடாது.”

“கூப்பிடலீங்க. தப்புத்தானுங்க” என்றான். இரண்டாவது வாக்கியத்தில் விளையாட்டு இல்லை. “வாங்க ரெண்டு பேரும். பாத்து வாங்க.”

சுபி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். “இது இனி நிக்கவே நிக்காதா?”

நிக்காது என்று சொல்ல அமிர்தவேணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவள் கைக்கு அந்த நிச்சயம் இருந்தது. “இந்த பெல்ட்டால நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு. வேற எதனாலயாவது ஒருநாள் நிக்கலாம். கார்னா நிக்கும். நின்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்.”

“கத்துவியா?”

“பயமா இருந்தா வாயில வந்துருமோ என்னமோ. அப்படி வந்தா, பத்து நிமிஷத்துல தப்புன்னு சொல்லிருவேன். மூணு வாரம் ஆகாது.”

சுபி யோசித்தாள். உள்ளே ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நின்றது. நாலு மணிக்கு இருவரும் குளித்து, துணி மாற்றி, பையைக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் அணைந்திருந்தது, சாவி சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

“காரா, பஸ்ஸா?” என்று அமிர்தவேணி கேட்டாள்.

சுபிக்ஷா பஸ் என்றாள். நாலரை மணி பஸ்ஸில் இருவரும் வால்பாறைக்குப் போனார்கள்.